அப்கிரேடு செய்த மூன்றாம் நாள்

1. போன்

அப்கிரேடு முடித்துக் கொடுத்த மூன்றாம் நாள் காலையில் கஸ்டமரிடமிருந்து போன் வந்தால், அது நன்றி சொல்வதற்காக இருக்காது. சர்வீஸ் லைனில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அன்று போன் செய்தவர் ஸ்ரீரங்கம் வசுமதி.

"மேடம், சிஸ்டம் ஆன் ஆகமாட்டேங்கறது. ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடறது. பத்து மணிக்கு நான் லாகின் பண்ணியாகணும். உடனே வரேளா?"

வசுமதி வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு மருத்துவ அறிக்கைகள் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. கணவர் சேஷாத்ரி வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதால் ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தார். அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதால் நான் போய் ரேமை இரண்டு மடங்காக்கி, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் புது எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்திருந்தேன்.

இனி சொல்லப்போவதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தென்னூரில் காதர் பாய் கடையில் நான் சர்வீஸுக்குச் சேர்ந்தபோது இந்த லைனில் பெண்கள் பில் போடும் இடத்தில்தான் இருப்பார்கள். டூல் பையோடு வாசலில் போய் நின்றால், "இன்ஜினியர் எங்கம்மா? பின்னாடி வராரா?" என்று தெருவை எட்டிப் பார்ப்பார்கள். மன்னார்புரத்தில் ஒரு வீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, எனக்கு எதிரிலேயே பாய்க்குப் போன் போட்டு, "வேற ஆள் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, "மல்லிகா மேடம் வந்தாத்தான் ஆகும்" என்று கஸ்டமர்கள் கேட்டு வாங்கும் நிலைக்கு வந்திருந்தேன். ஒரு தப்புகூட என் பேரில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

2. முதல் நாள் நடந்தது

புது எஸ்.எஸ்.டி.யை மதர்போர்டில் பொருத்த ஒரே ஒரு ஸ்க்ரூ போதும். அரிசி அளவுகூட இருக்காது. அதை முடுக்கும்போது கை நழுவிக் கேபினெட்டுக்குள் விழுந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. மதர்போர்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் போயிருக்கலாம் என்று தோன்றியது. அப்படியானால் போர்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. சேஷாத்ரி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தடுமாறுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. டப்பாவிலிருந்து வேறு ஸ்க்ரூ எடுத்துப் போட்டேன். சிஸ்டம் நன்றாக ஓடியது. மூடிவிட்டேன்.

சேஷாத்ரி வேடிக்கை பார்க்க நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டார்.

"இந்த வயசுல ஹார்டுவேர் கோர்ஸ் சேர்ந்தா வேலை கிடைக்குமா மேடம்? எனக்கு நாப்பத்தெட்டு ஆறது. வீட்ல சும்மா உக்காந்துண்டு இருக்க முடியலை."

"தாராளமா சேருங்க சார். எங்க கடையிலேயே சொல்லிப் பாக்கறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்து, "வசு, கேட்டியா?" என்று குரல் கொடுத்தார்.

3. சோதனை

போன் வந்ததும் ஆற்றுப் பாலம் தாண்டி ஒன்பது மணிக்குள் போய்விட்டேன். ஆன் செய்ததும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. டிஸ்ப்ளே இல்லை, பீப் சத்தமும் இல்லை. புது ரேமைக் கழற்றிப் பழையதை மட்டும் போட்டேன். அதே கதை. எஸ்.எஸ்.டி.யை எடுத்துவிட்டுப் பார்த்தேன். போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்தேன், அது நன்றாகவே இருந்தது. பாக்கி போர்டு மட்டும்தான். முதல் நாள் விழுந்த ஸ்க்ரூ ஞாபகம் வந்தது.

"நேத்து யாராவது இதை நகர்த்தினீங்களா?" என்று கேட்டேன்.

சேஷாத்ரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான்தான் மேடம். மேஜைக்கு அடியில ஒரே தூசி. கேபினெட்டைப் படுக்க வெச்சுத் துடைச்சேன். மூடியைத் திறக்கலை."

வசுமதி திரும்பினார். "உங்களை யாரு அதுல கை வெக்கச் சொன்னா? ரெண்டு நாள் அந்த மேடம் பக்கத்துல நின்னுட்டா நீங்களும் இன்ஜினியர் ஆயிட்டேளா?"

இரண்டு நாள் இல்லை, ஒரே நாள்தான். சேஷாத்ரி அதைத் திருத்தவில்லை.

வசுமதி கம்பெனிக்குப் போன் செய்ய உள்ளே போனார். சேஷாத்ரி எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் போர்டைக் கழற்றித் தூக்கினேன். ஸ்க்ரூ அங்கேதான் கிடந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் போர்டின் அடிப்பாகம் கருகியிருந்தது. நிமிர்த்தி வைத்திருந்தவரை ஒரு மூலையில் கிடந்த ஸ்க்ரூ, படுக்க வைத்ததும் உருண்டு போய் ஷார்ட் ஆக்கிவிட்டது. அவர் படுக்க வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துத் துடைப்பது யாரும் செய்வதுதான்.

ஸ்க்ரூவை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சேஷாத்ரி டம்ளரோடு வந்து கருகிய இடத்தைப் பார்த்தார். "நான் நகர்த்தினதாலயா மேடம்?"

வசுமதியும் அறை வாசலில் வந்து நின்றார்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

இரண்டே வார்த்தை. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

4. எட்டு நாள்

அந்த மாடல் போர்டு கடைகளில் இல்லை. அவர்கள் செலவிலேயே வெளியூரிலிருந்து வர எட்டு நாள் ஆனது. எங்கள் கடையில் ஒரு ஸ்டாண்ட்பை கம்ப்யூட்டர் உண்டு. எங்கள் வேலையால் பழுது என்றால் அதை அன்றைக்கே கஸ்டமர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார் பாய். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கடை மூலையில் உறை போட்டபடி இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வசுமதியின் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். புதுப் போர்டு மாட்ட நான் போனபோது வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. சேஷாத்ரி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வேலை செய்த அறைப் பக்கமே வரவில்லை. கிளம்பும்போது, "கோர்ஸ் விஷயம் பாய்கிட்ட கேக்கட்டுமா சார்?" என்றேன்.

"வேண்டாம்மா" என்றார். "எனக்கு அதெல்லாம் சரிப்படாது."

5. சொன்னது

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், பாயிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா போர்டை நானே போட்டுக் குடுத்திருப்பேனேம்மா. ஸ்டாண்ட்பையும் அனுப்பியிருப்பேன். அவங்க வேலையும் போயிருக்காது. என்னைப் பத்தி என்னதான் நெனச்சிருக்க நீ?"

அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கம் போனேன். வசுமதிதான் கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

"அவர் இங்க இல்லை. ஓசூர்ல ஒரு குடோன்ல இருக்கார். நாலு மாசம் ஆச்சு" என்றார். பிறகு கேட்டார்: "நான் அவரை என்னென்ன பேசினேன் தெரியுமா உங்களுக்கு? எங்க பொண்ணுக்கு எதிர்க்க வெச்சுப் பேசினேன். அதையெல்லாம் இப்போ நான் எங்க கொண்டு போய்க் கொட்டறது? இத்தனை நாள் சொல்லாதவா இன்னிக்கு எதுக்கு வந்தேள்? உங்க மனசு ஆறணும்னுதானே?"

ஆமாம், அதற்காகத்தான் போயிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.

வசுமதியிடம் நம்பர் வாங்கிச் சேஷாத்ரிக்குப் போன் செய்தேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"முதல் நாள் அது உள்ள விழுந்தது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்."

"சரி. லோடு வந்துருக்கு, நான் வெக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரேம், பவர் சப்ளை எல்லாம் எப்படிச் சோதிப்பது என்று யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது இது. அப்கிரேடுக்குப் பிறகு சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்று கூப்பிட்டால், வீட்டில் யார் தொட்டார்கள் என்று கேட்காதீர்கள். "கடைசியா உள்ள கை வெச்சது நான்தான், என் வேலையைத்தான் முதல்ல பாக்கணும்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். கேட்கிற கஸ்டமர்கள், எவ்வளவு நேர்மையான மேடம் என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.