ஜமால் பாய் அவசரப்பட்டு அடித்த ஆணி

ஜமால் பாய் போய்விட்டார். இன்று விடியற்காலையில்... தூக்கத்திலேயே.

காலையிலிருந்து எனக்குத்தான் ஃபோன். உக்கடத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. கத்திக்குப் பிடி போடுகிறவர். யார் கூப்பிட்டாலும் ஃபோனை எடுக்கமாட்டார் என்பதால் அவருடைய கஸ்டமர்கள் எல்லோரிடமும் இருப்பது என் நம்பர். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கத்தி கொடுத்தவர்கள் பதற வேண்டாம். எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. முடிந்தது கொஞ்சம், முடியாதது நிறைய... அவர் மகன் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் பக்கத்தில் கடை போட்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எருமைக் கொம்பை அரத்தால் ராவினால் முடி கருகுகிற வாடை வரும். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைப்பார்கள்.

கணபதி ஏரியாவில் ஏதாவது பட்டறையில் கொடுத்தால் மெஷினில் வைத்து நிமிஷத்தில் தேய்த்துத் தந்துவிடுவார்கள். பாய்க்கு அது ஆகாது. சூடு பட்டால் கொம்பு வெந்துபோகும் என்பார். முதலில் அரம், பிறகு உப்புத்தாள், பிறகு வெறும் துணி. ஒரு பிடியை நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி அரத்தை எடுப்பார்.

எப்போது கிடைக்கும் என்று கஸ்டமர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். நாளைக்கு வாங்க என்பேன். பாய் தலையே நிமிரமாட்டார். தேய்க்கிற வேலை அவருடையது, பொய் சொல்கிற வேலை என்னுடையது.

ஒருமுறை ஈரோட்டிலிருந்து பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து சத்தம் போட்டார். பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கத்தியைக் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். சுண்டுவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும் என்று திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மனிதர் வெறுங்கையோடு ஈரோட்டுக்குப் போனார்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு பேனாக்கத்தி இருந்தது. அவருடைய அப்பாவுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நீலகிரி பைகாராவிலிருந்து கரண்ட் வந்து கோயமுத்தூரில் மில்லாகக் கிளம்பிய காலத்தில், மாமனார் மில் வேலைக்குப் போனபோது நூல் அறுக்க வாங்கியது. வீட்டுக்காரருக்குக் கொய்யாப்பழம் நறுக்கக்கூட அதுதான் வேண்டும். ஒரு வெயில் காலத்தில் அதன் கொம்புப் பிடி ஒரு பக்கம் விரிசல் விட்டுக் கழன்றுவந்துவிட்டது. பாயிடம் கொடுத்தேன்.

பழைய ஆணிகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதச் செஞ்ச மனுசன் எல்லா ஆணியும் நிதானமா அடிச்சிருக்காருங்க அம்மணி. இது ஒண்ணுல மட்டும் கை அவசரப்பட்டிருக்குது. அன்னைக்கு ஊட்டுல என்ன அவசரமோ, பாவம்."

விரிசல் அந்த ஆணியில்தான் ஆரம்பித்திருந்தது. அத்தனை வருஷம் கழித்து...

புதுக் கொம்பை அறுத்து, தேய்த்து, அலமாரியில் வைத்துவிட்டார். மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்து, கொம்பு நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆணி அடிப்பேன் என்றார். நானும் சரி என்றேன்.

அந்த ஆடியில் வீட்டுக்காரரை ஹாஸ்பிடலிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். பேச்சே குறைந்துபோன மனிதர், சட்டைப் பையைத் தடவித் தடவி அந்தக் கத்தியைக் கேட்டார்.

பாயிடம் போய் நின்றேன். வெளியே சாரல். இந்த ஈரக் காற்றில் கொம்பு உப்பியிருக்கும், இப்போது அடித்தால் வெயிலில் சுருங்கி ஆணி தலை தூக்கிவிடும், தை வரைக்கும் பொறுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார்.

"தை வரைக்கும் அவர் இருக்கமாட்டாருங்க பாய்."

பாய் அலமாரியைத் திறந்தார். கத்தியை எடுத்தார். ஆணிக்குப் பித்தளைக் கம்பியை வெட்டினார். அடித்தார். அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அவர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்காரருக்கு எதையும் நறுக்குகிற தெம்பு இல்லை. கத்தியைத் திறப்பார், மூடுவார். டக்கென்று ஒரு சத்தம். அது கேட்கிறவரை நான் அடுப்படியில் நிம்மதியாக இருப்பேன். ஆடி முடிவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

மாசியில் ஆணி தலை தூக்கியது. பாய் சொன்னபடியே.

அதிலிருந்து என்னைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்பார். "அந்தக் கத்தியக் கொண்டாங்க அம்மணி. என்ற கையிலிருந்து அரைகுறையாப் போனது அது ஒண்ணுதானுங்க."

நாளைக்குக் கொண்டு வருகிறேன் பாய் என்பேன். அவருடைய கஸ்டமர்களுக்கு நான் சொன்ன அதே நாளைக்கு.

கொடுக்க மனசு வரவில்லை. எனக்காக அவர் அடித்த ஆணி அது. அதை ராவிச் சமமாக்கிவிட்டால்... என்னவோ, அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன வாரம்கூட அவரே ஃபோன் செய்தார். கடைக்கு வர முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். அரத்தை மட்டும் தலைமாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், கத்தியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றார். நாளைக்கு என்றேன்.

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கோட்டைமேட்டில் அவர் வீட்டுச் சந்தில் பெண்களோடு நின்றேன். கத்தி என் கைப்பையில் இருந்தது. எதற்கு எடுத்துக்கொண்டு போனேனோ... சந்தூக்கில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதும் பைக்குள் கையை விட்டேன். கட்டைவிரலில் அந்த ஆணி இடித்தது.

இடிக்கட்டும் பாய்.

மெல்லப் போங்க. அவசரம் ஒண்ணுமில்லீங்க.