அறுவடை மெஷினுக்கு ஒரு புக்கிங் சாஃப்ட்வேர்

டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதுறதுல பெரிய கஷ்டம், நம்ம தப்பு நம்ம கம்ப்யூட்டர்ல வரவே வராது, கஸ்டமர் கம்ப்யூட்டர்லதான் வரும். புதுசா எழுத ஆரம்பிச்சு நொந்துபோயிருக்கீங்களா? வாங்க, நம்ம கட்சி. ஜெராக்ஸ் கடையில ஆள் இல்லாத நேரமா பாத்து டைப் பண்றேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

என்டர் தட்டுற கை

நீடாமங்கலத்துல ஹமீது பாய்னு ஒருத்தர் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுறாரு. யார் வயலுக்கு என்னைக்கு மெஷின் போகணும்னு பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர்தான் என்னோட முதல் வேலை. தூக்கமே வரல, அவ்ளோ குஷி.

'இதை அழிக்கவா?'ன்னு கேக்குற பெட்டியில 'ஆமாம்' பட்டனை முதல்ல வச்சிருந்தேன். என்டர் தட்டினா அழிஞ்சிடும். ஆபீஸ்ல போன் எடுத்து பதியுற கலாக்கா, முதல் நாளே ரெண்டு பேர் புக்கிங்கை அழிச்சிட்டாங்க. 'இல்லை'யை முன்னாடி வைங்க, ப்ளீஸ். ஏன் படிக்கலைன்னு கேட்டதுக்கு அக்கா சொன்னாங்க: "அது என்ன கேட்டாலும் நான் என்டர்தான் தட்டுவேன் தம்பி. படிக்க நேரமிருந்தா கம்ப்யூட்டர் எதுக்கு?"

கரன்ட் போச்சு

எல்லாத்தையும் அடிச்சு முடிச்சிட்டு கடைசியா 'சேவ்' அமுக்கணும்னு வச்சிருந்தேன். காலையிலேர்ந்து அடிச்சது பதினோரு மணி பவர்கட்ல மொத்தமா போச்சு. ஒவ்வொரு வரியும் அடிச்ச உடனே தானா சேவ் ஆகணுங்க. அன்னைக்கே மாத்திட்டேன். பாய் திட்டல, டீ வாங்கிக் கொடுத்துட்டு சொன்னாரு: "உனக்கு இன்னைக்குத்தான் கரன்ட் போகும்னு தெரியுமாப்பா? எங்களுக்கு தினமும் போகுது."

தை இருபது

இதை எழுதத்தான் கை வரமாட்டேங்குது.

பொங்கலுக்கு நானே ஆசையா ஒரு அப்டேட் போட்டேன். மாசப் பேரெல்லாம் தமிழ்ல. ஜனவரி இருந்த இடத்துல தை, பிப்ரவரிக்கு மாசி. வெறும் பேரை மட்டும் மாத்தினேன், உள்ள தேதி இங்கிலீஷ் தேதியேதான்.

மறுநாள் தனலட்சுமி அக்கா போன் பண்ணியிருக்காங்க. தனியா ரெண்டு ஏக்கர் சம்பா பயிர் பண்றவங்க, வருஷ சாப்பாடே அதுதான். தை இருபதுக்கு மெஷின் கேட்டாங்க. கலாக்கா தை, இருபதுன்னு தட்டினாங்க. உள்ள ஜனவரி இருபதுன்னு விழுந்துச்சு.

ஜனவரி இருபது காலையில மெஷின் அவங்க வயல்ல போய் நிக்குது. டிரைவர் எனக்கு போன் போட்டு அக்காகிட்ட கொடுத்தாரு. "தம்பி, இன்னைக்கு தை ஆறு. கதிர் பச்சையா நிக்குது, வயல்ல தண்ணி நிக்குது. நான் கேட்டது தை இருபது."

அஞ்சு நாள்

மாத்திக் கொடுக்கலாம்னு பாத்தா, நிஜ தை இருபது, அதாவது பிப்ரவரி மூணு, ஏற்கனவே ஃபுல். அடுத்து காலி இருந்தது தை இருபத்தஞ்சு. பாய் வேற மெஷினுக்கு ஊரெல்லாம் போன் போட்டாரு. சீசன்ல எவன் தருவான்.

தை இருபத்திமூணு அன்னைக்கு மழை. விளைஞ்ச பயிரு அப்படியே சாஞ்சு தண்ணியில படுத்துடுச்சு. மெஷின் இறங்கினப்போ பாதி கதிர் முளைவிட்டிருந்தது. நான் வரப்புல நின்னு மன்னிச்சுக்கங்கக்கான்னேன். முளைச்ச கதிரை கையில வச்சு உருவிக்கிட்டே சொன்னாங்க: "முன்னாடியெல்லாம் போன் பண்ணா, அது என்ன கிழமை வருதுக்கான்னு கலா கேக்கும். இந்த வருஷம் அதுவும் கேக்கல, உன் பொட்டியும் கேக்கல."

இப்போ தேதி அடிச்சா கிழமையும் சேத்துக் காட்டுற மாதிரி மாத்திட்டேன், ஒரு வருஷ நெல்லு போனதுக்கு அப்புறம்.

ரெண்டு வருஷம் உக்காந்து புரோகிராமிங் படிச்ச நான், எங்க வீட்டு காலண்டர்ல தினமும் கிழிக்கிற தாள்ல எதுக்கு ரெண்டு தேதி போட்டிருக்குன்னு ஒரு நாள் கூட படிச்சுப் பாத்ததில்லைங்க.