உளுக்காத மரமும் கந்தசாமி சாரும்

டெக்சாஸின் இர்விங்கிலிருந்து ஞாயிறு காலை கந்தசாமி சாரின் மனைவி அழைத்தார். சார் போய்விட்டார். அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் மாரடைப்பு. அமெரிக்காவில் தாங்கள் இருந்தது அவர் விசாவை நம்பித்தான், இனி மகளை அழைத்துக்கொண்டு ஈரோட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

முன்பு நியூஜெர்சியில் நானும் சாரும் ஒரே நிறுவனத்தில் பாலப் பொறியாளர்கள். கிராமத்து ஓடை ஒன்றின் மேல் விவசாயிகள் கட்டிய பழைய மரப்பாலம் எங்களிடம் ஆய்வுக்கு வந்தது. இரு புறமும் பலகைச் சுவர், மேலே கூரை. கார் ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியே வருவதுபோல் இருக்கும். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கவா கூரை என்று கேட்டேன்.

"நமக்கில்லீங்க, மரத்துக்கு. நனையாம இருந்தா அது நம்மளத் தாண்டி நிக்குமுங்க," என்றார். பாரத்தைச் சுமப்பவை சுவருக்குள் சாய்வாக நிற்கும் சட்டங்கள்தான் என்று பலகையைத் தட்டிக் காட்டினார்.

மேலாளருக்கு அங்கே கான்கிரீட் பாலம் வேண்டும். மரம் உளுத்துவிட்டது என்று முடிவை எழுதி வைத்துக்கொண்டுதான் சாரை அனுப்பினார். சார் ஓடையில் இறங்கி, சட்டம் சட்டமாகத் துளையிட்டுப் பார்த்தார். கூரை ஒழுகிய மூலை மட்டும் கெட்டிருந்தது. அதை வெட்டி ஒட்டுப் போட்டால் போதும் என்று எழுதினார். அதை நீக்கி, மரம் உளுத்தது என்று கையெழுத்திடச் சொன்னார்கள். அமெரிக்காவில் நிலையாகத் தங்க அவருக்கு வேண்டிய கிரீன் கார்டு விண்ணப்பம் நிறுவனத்தின் கையில் இருந்தது.

ஒரு பிறந்தநாள் விருந்தில் எங்கள் அலுவலகத் தமிழர் ஒருவர் அவரை மடக்கினார். "ஒரு சைன்தானே சார். அந்தப் பாலம் மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு, அதுக்காக கிரீன் கார்டை விடுவீங்களா?"

"நல்லா இருக்கற மரத்த உளுத்துப் போச்சுன்னு எப்படிங்க எழுதறது?"

சாருக்கு வேலை போனது, விண்ணப்பமும் போனது. கையெழுத்தை அந்தத் தமிழரே போட்டார். இன்று அவர் நம் தமிழ்ச் சங்கத்தில் பெரிய மனிதர். இரங்கல் கூட்டத்தில் 'என் அருமை நண்பர்' என்று பேசினாராம். நான் போகவில்லை.

சார் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலைக்கு மாறி, விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்கினார். கிரீன் கார்டு கடைசிவரை வரவில்லை.

பாலத்தை இடித்த அன்று நான் அங்கே நின்றேன். கிரேன் இழுத்தும் சட்டங்கள் முறியவில்லை. ரம்பம் வைத்து அறுத்தார்கள். அறுத்த இடம் மஞ்சளாக, பிசின் வாசனையோடு இருந்தது. சாருக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்படீங்களா," என்றார். "பாப்பாவ ஸ்கூல்ல விடணுமுங்க. வெச்சரட்டுங்களா?"

நீங்கள் எழுதியது சரி, சார். போய் வாருங்கள்.