கயிறு பிடித்தவர்

என் அக்கா புருஷனுக்கு வாயைவிடக் கை முந்தும். இருபத்தாறு வருஷம் அவரோடு ஒரே சூளையில் வேலை பார்த்தவன் நான். அவர் யாரை, எப்போது, எதற்காக அடித்தார் என்று கேட்டால் இன்றைக்கும் தூக்கத்திலிருந்து எழுந்து சொல்வேன். என்னை அடித்தது நான்கு முறை. என் அக்காவை அடித்தது எனக்குத் தெரிந்தவரை வாரத்துக்கு ஒன்று.

தொழிற்சாலையில் அவருக்குக் ‘கந்தகம்’ என்று பட்டப்பெயர். பட்டென்று பற்றிக்கொள்வார் என்பதால் வைத்த பெயர். வைத்தவனுக்கு ஓர் அறை விழுந்தது, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

சூளை என்றால் செங்கல் சூளை இல்லை. படுக்கப்போட்ட நாற்பது மீட்டர் இரும்புக் குழாய், ராப்பகலாக மெதுவாக உருண்டுகொண்டே இருக்கும். துத்தநாக மண்ணை ஒரு முனையில் கொட்டுவோம். அது ஆக்சைடு, துரு ஜாதி. அப்படியே அரைத்து நுரை கிளப்புகிற தொட்டியில் விட்டால் குமிழியில் ஒட்டாமல் சேற்றோடு சேறாகப் போய்விடும். கந்தகத்தூளும் கொஞ்சம் கரித்தூளும் கலந்து எண்ணூறு டிகிரியில் வறுத்தால் அதுவே சல்ஃபைடாக மாறும். பிறகு அரைத்து விட்டால் நுரையோடு மேலே மிதந்து வரும், வழித்தெடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, சூளைக்குள் காற்று போகக் கூடாது. போனால் அவ்வளவு நேரம் மாறிய சரக்கெல்லாம் எரிந்து பழையபடி ஆக்சைடாகிவிடும். நெஞ்சை அடைக்கிற புகையும் சேர்ந்து வரும்.

ஒருமுறை புதிதாக வந்த ஃபோர்மேன், உள்ளே நிறம் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று சூடான சூளையின் முனைக் கதவைத் திறந்துவிட்டார். நீலத் தீ வெளியே பாய்ந்து அவர் புருவத்தைப் பொசுக்கியது. மாமா ஓடிவந்து கதவை உதைத்துச் சாத்தினார், அதே வேகத்தில் ஃபோர்மேனுக்கும் ஓர் உதை விட்டார். விசாரணையில், “கதவைத்தான் சார் உதைச்சேன், இவர் நடுவுல நின்னாரு” என்றார். ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு மாதமும் வீட்டில் அடி வாங்கியது என் அக்கா.

அவருடைய முக்கியமான வேலை குழி. சூளையின் மறுமுனையில் சரக்கு ஆழமான ஒரு குழிக்குள் விழும். அங்கே கட்டிதட்டி அடைத்துக்கொண்டால் ஒருவன் கடப்பாரையோடு இறங்கி உடைக்க வேண்டும். ஆறாத சரக்கு அடியில் கிடக்கும் தண்ணீரில் விழுந்தால் அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக வந்தால் நாறும். நிறைய வந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுவான். வாயு அளக்கிற மீட்டர் பழுதாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, கப்பி வழியாக மறுமுனையை மாமா பிடித்துக்கொள்வார். “நாறுதா?” என்று கத்துவார். கீழேயிருந்து “நாறுது!” என்று பதில் வர வேண்டும். ‘இல்லை’ என்று வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்த நொடியே இழுத்துவிடுவார். அப்படி மூன்று பேரை இழுத்திருக்கிறார். அதில் நானும் ஒருவன். எனக்கு விழுந்த நான்கு அடிகளில் ஒன்று அப்போது விழுந்ததுதான், பதில் சொல்லத் தாமதித்ததற்காக.

மகளுக்கு மாப்பிள்ளையையும் அவரே சூளையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். வலுவான கை, பயமில்லாதவன் என்று அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஒரு சாயங்காலம் மகள் தோளில் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றாள். கீழுதடு கிழிந்திருந்தது. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“எதுக்கும்மா அடிச்சான்?”

“சட்டைக்கு பட்டன் தைக்கலையாம்பா.”

மாமா விட்ட உதையில் நாற்காலி சுவரில் போய் மோதியது. “அவன் கையை ஒடிக்கல, நான் மனுஷனே இல்ல!”

அக்கா ஈரத்துணியால் மகளின் உதட்டை ஒற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். “உங்க கையை யாரும் ஒடிக்கலையே. எனக்கும் அப்பா இருந்தாரு. தம்பியும் இருக்கான், இதோ டீ குடிச்சிட்டிருக்கான்.”

மாமா கையை ஓங்கினார். மகள் பார்த்துக்கொண்டிருந்ததால் இறக்கினார். நான் டம்ளரைவிட்டுத் தலை நிமிரவில்லை.

“நான் இங்கயே இருந்துடுறேன்பா” என்றாள் மகள்.

“இன்னிக்குப் போம்மா. வாழாம வந்துட்டாள்னு நாலு பேர் பேசுவாங்க. நாளைக்கு அவனை நான் பாத்துக்கறேன்.”

அவரே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அந்த பஸ்ஸை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழி அடைத்துக்கொண்டது. இறங்க வேண்டிய முறை மாப்பிள்ளையுடையது. மாமா அதுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கயிற்றை அவரே கட்டினார். “மெதுவா மாமா, மூச்சு முட்டுது” என்று அவன் சிரித்தான். அவன் காதுக்குக் கீழே புதிதாக மூன்று நகக்கீறல்கள். அவள் திரும்பிப் போன பிறகும் அடித்திருக்கிறான் என்று மாமாவுக்கும் எனக்கும் புரிந்தது.

“நாறுதா?”

“நாறுது மாமா!”

கடப்பாரைச் சத்தம். மறுபடி கேள்வி, மறுபடி பதில். திடீரென்று கட்டி மொத்தமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தது. வெள்ளையாக ஆவி எழுந்தது.

“நாறுதா?”

“இல்ல மாமா... சுத்தமா போயிடுச்சு...”

விதி தெரிந்தவன்தான், ஆனால் அந்த வாயு முதலில் புத்தியைப் பிடித்துவிடும். கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டது. கயிறு கனத்தது.

மாமா இழுக்கவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சக் கயிறு என் காலடியில் கிடந்தது. நானும் தொடவில்லை. மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். சாகட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு எதைச் சொன்னாலும் பொய்.

ஏழு எண்ணியபோது மாமா அலறிக்கொண்டு இழுத்தார். அதற்குப் பிறகுதான் நான் கைகொடுத்தேன். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தமானது. சாம்பல் நிறத்தில் மேலே வந்தவனைத் தரையில் போட்டு நெஞ்சில் குத்தினார். விலா எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. “எந்திரிடா நாயே! செத்துடாதடா!” என்று மாறி மாறி அறைந்தார். காப்பாற்றுகிறாரா, அடித்துத் தீர்க்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் அவன் வாந்தி எடுத்தான், மூச்சு திரும்பியது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ராஜமரியாதை. மருமகன் உயிரை மீட்ட மாமனார் என்று மேனேஜரே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். அக்காவும் மகளும் வந்தபோது, கட்டுப்போட்ட கைகளோடு நடையில் உட்கார்ந்திருந்தார்.

“பிழைச்சுட்டான்” என்றார் மகளிடம். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. “நான் உடனே இழுக்கலம்மா. நின்னுட்டேன். உனக்காகத்தான் நின்னேன்.”

அவள் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் வலது கையால் பளாரென்று அறைந்தாள். நடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்காகவா? உன்கிட்ட நான் அவன் உயிரைக் கேட்டேனா? படுக்க ஒரு இடம் கேட்டேன். அதுக்கு பஸ் ஏத்தி விட்டே.”

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

“இரும்மா, நானும் வரேன்” என்று அக்கா எழுந்தாள்.

“எங்க போவீங்க அக்கா?” என்றேன்.

“எங்கயாவது ஒரு ரூம் கிடைக்கும்.” புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். “அவர் நின்னப்போ நீ என்ன பண்ணே? எப்பவும்போலப் பாத்துக்கிட்டு இருந்தியா?”

அவள் மகளின் வீங்காத கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.