பின்படிக்கட்டில் ஒரு நடிப்பு

பழைய பாதிரியார் பங்களாவைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டுபவருக்குத் தெருவில் ‘பங்களாக்காரர்’ என்று பெயர். குடியிருப்பதென்னவோ ஒற்றை அறை வாடகை வீடு. ஆனால் “நம்ம ஹால் எவ்வளவு உயரம் பாத்தீங்களா?” என்று அவர் பேசும்போது, மாமனார் சீதனமாக எழுதிவைத்த கட்டடமோ என்று சந்தேகம் வரும்.

கட்டடமும் லேசுப்பட்டதல்ல. முன்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் வளைவு ஜன்னல்கள். இரண்டு பேர் கைகோத்து இறங்கும் அகலத்தில் தேக்குப் படிக்கட்டு. பாதிரியார்கள் போய்ப் பல காலமாகிறது. இப்போது அது காட்சியகம். சமையலறையிலிருந்து மாடிக்கு இன்னொரு படிக்கட்டும் உண்டு, சுவருக்குள் செருகியதுபோல. விருந்தாளிகள் கண்ணில் படாமல் வேலைக்காரர்கள் தட்டோடு ஏறி இறங்குவதற்கு.

பங்களாக்காரரின் கச்சேரி அங்கேதான். தோளில் துண்டு, கையில் வெறும் தட்டு. கூன் போட்டு, முனகி, ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்து ஏறுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மனைவியை மட்டும் அவர் அழைத்துப் போனதே இல்லை. வீட்டில் பார்க்கிற முகம்தானே என்பார்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். மனைவி எடுத்து வந்தபோது நடிப்பு பாதிப் படியில் இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எல்லோரும் கலைந்ததும் கண்ணாடியை நீட்டினாள்.

“எங்கம்மாவ இவ்ளோ நல்லா கவனிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.”

“அட, இது பொதுவா ஒரு சமையல்காரம்மா...”

“இங்க எத்தனை சமையல்காரம்மா இருந்தாங்க?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாமியார் பாதிரியார்கள் காலத்தில் அந்தச் சமையலறையில்தான் ஆயுளைக் கழித்தவர். கடைசிக் காலத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். முழங்காலைப் பிடித்தபடி அந்த ஒற்றை அறைக்குள் மாமியார் நடந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் மருமகனுக்கு அந்த நடை வந்திருக்கிறது. எப்போது எடுத்தோம் என்றே தெரியாமல் எடுத்த திருட்டு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வந்துவிடச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். மனுஷருக்கு அந்த வசதிகூடக் கிடைக்கவில்லை. காது மடல்வரை சூடேறி நின்றார்.

அடுத்த கூட்டம் வந்தது. தட்டை அலமாரிக்குள் தள்ளினார். துண்டை எடுத்து மடித்துவைத்தார். இது வேலைக்காரர்கள் போன வழி என்று மட்டும் சொல்லிவிட்டு, யாரைப்போலவும் இல்லாமல் தன் சொந்த நடையிலேயே ஏற ஆரம்பித்தார்.

கட்டியவர் அதற்கு இடம் வைக்கவில்லை. தாழ்ந்த கூரை முதுகை வளைத்தது. செங்குத்தான படிக்குக் கை தானாக முழங்காலைத் தேடியது. பாதி ஏறுவதற்குள் மூச்சே முனகலாக வந்தது.

கீழே யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நடிக்கவில்லை என்று திரும்பிச் சொல்லலாமென்றால், ஆள் திரும்புகிற அகலம் அங்கே இல்லை.