பச்சை ஏற்றிய அம்மன்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வரி கோணும், நடந்தது முன்னும் பின்னுமாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், பழைய சாமான் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இங்கேதான். அந்தக் கடைகளில் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பேர்பெற்ற சிலைகளைப் பார்த்து வெண்கலத்தில் வார்த்த நகல்கள் வரும். புதுசு, கண் கூசும். வாங்க வருகிறவர்களுக்கு அது பிடிக்காது, பச்சை படிந்து பழசாகத் தெரிய வேண்டும். உப்பும் காடியும் கலந்து பூசி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லையில் புதைத்தால் நாற்பது நாளில் பச்சை ஏறும். நகல் என்று சொல்லித்தான் விற்கிறோம் என்பார் முதலாளி. நான் மேலே கேட்டதில்லை. யாரிடமும் எதுவும் கேட்க எனக்கு வராது.

வார்ப்பில் பழுதானதை அவர் எனக்கே கொடுத்துவிடுவார். அப்படிச் சேர்ந்தது பதினொன்று. இடுப்பில் கைவைத்து நிற்கிற, வளையல் அடுக்கிய ஒல்லிப் பெண். மோவாயில் கைவைத்து யோசிக்கிற ஆள். தட்டு எறியக் குனிந்தவன். பாதித் திருவாசியோடு ஒரு நடராஜர். அரிசி டிரம் மேலே வரிசையாக வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்தால் விடமாட்டாள். "எடீ, இத்தனை பேருக்கும் சோறு போடறியா? அந்தக் குனிஞ்சு நிக்கறவனுக்கு முதல்ல ஒரு முண்டு குடு." நான் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். ஆனால் தினம் துடைப்பேன். எனக்கென்று சேர்த்தது அதுகள்தான்.

இந்த ஆடியில், விடாத மழையில், என் மகன் ஓர் அம்மனைக் கொண்டுவந்தான். வெலிங்டன் தீவுத் துறைமுகக் குடோன்களுக்கு வண்டி ஓட்டுகிறவன், நாற்பது தாண்டியும் என்னோடுதான் இருக்கிறான். அம்மன் ஒரு முழ உயரம். ஒரு கை பூப்பிடிக்கிற மாதிரி, மறு கை தொங்கல். இந்த வார்ப்பில் எத்தனையோ நகல் பார்த்தவள் நான்.

"இதுக்குப் பச்சை ஏத்தணும்மா. உன் முதலாளிது இல்ல, வேற ஆளு. சேச்சிகிட்ட மூச்சு விடாதே."

"நகல்தானே?"

"பளபளன்னு இருக்கே, பார்த்தா தெரியலையா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் தொழிலில் பச்சை என்றால் பழசு, பளபளப்பு என்றால் புதுசு. பூசினேன், சுற்றினேன், கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

அதற்குப் பிறகு சந்து முனையில் ஒரு கார் வந்து வந்து நின்றது. யாரும் இறங்குவதில்லை. அதைப் பார்த்தால் மகன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான்.

நாற்பதாம் நாள் தோண்டிக் கழுவினேன். பச்சை ஏறியிருந்தது. ஆனால் மூக்கில் என் விரல் வழுக்கியது. நகலுக்கு மூக்கு அரம் போட்ட கூர்மையோடு இருக்கும். இவளுக்கு மூக்கும் கன்னமும் தேய்ந்து ஒன்றில் ஒன்று கரைந்திருந்தது. பீடத்தில், ஊர்வலத்துக்குத் தூக்கக் கழி சொருகுகிற ஓட்டைகள். நகலிலும் அவை உண்டு, உள்ளே காலியாக. இதில் ஏதோ கல்லாக இறுகியிருந்தது. ஊக்கால் நோண்டி மோந்தேன். சந்தனம். அதற்கும் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, கருத்துப்போன ஒரு நார். பூக்கட்டுகிற வாழைநார்.

தினம் எண்ணெயும் பாலும் ஊற்றி, புளிபோட்டுத் தேய்த்து, யாரோ கும்பிட்டு வந்த உடம்பு. கும்பிடுகிற சாமிக்குப் பச்சை எப்படிப் பிடிக்கும்? பளபளக்கத்தானே செய்யும்? அவள் மேல் உப்பையும் காடியையும் பூசி மண்ணில் போட்டேனே.

சந்தனத்தையும் நாரையும் காட்டி மகனைக் கேட்டேன்.

"எந்தக் கோயில்டா?"

"உன் மூக்குக்கும் வயசாயிடுச்சும்மா. எதை மோந்தாலும் சந்தனம்."

"எந்தக் கோயில்?"

"தெரியாது. வண்டியில ஏத்தினாங்க, எடுத்துட்டு வந்தேன். இனி முடியாதுன்னு சொன்னா விடற ஆளுங்க இல்லம்மா அவங்க." குரல் இறங்கிப்போயிற்று. "எப்ப ஆகும்?"

"பச்சை சரியாப் பிடிக்கலை. இன்னும் மண்ணுல இருக்கணும்."

அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அம்மனைத் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி மறுபடி மூடினேன். இன்றோடு இருபது நாள். இன்னும் சில நாள் தாங்கும், அதற்குமேல் காரில் வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். கொடுத்தால், பச்சை ஏற்றிய நகல்களோடு நகலாக அவள் கப்பலேறிப் போய்விடுவாள். போலீசுக்குப் போனால் என் மகன் ஜெயிலுக்குப் போவான். சும்மா இருந்தாலும் அவனைத்தான் பிடித்து உலுக்குவார்கள்.

இதை அவன் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து தெரியாது. என்ன எழுதறே என்று கேட்டான். ஊரில் தங்கைக்குக் கடிதம் என்றேன். "போன் பண்ணேம்மா, இந்தக் காலத்துல கடிதமாம்" என்று சிரித்தான்.

படிக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அம்மன், ஒரு முழம். வலது கை பூப்பிடிக்கும், இடது சுண்டுவிரல் நுனி இல்லை. பீடத்தில் முன்னால் இரண்டு ஓட்டை, பின்னால் இரண்டு. நான் மோந்தது சந்தனம்தானா என்பதே தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். எந்த ஊர்க் கோயிலிலாவது இந்த அளவுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். சீக்கிரம்.