இந்த வருஷத்துப் பொங்கல் சீர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் மத்தியானம் ஜமுனாமரத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, இடுப்பில் சின்ன மகளும் கையில் ஒரு துணிப்பையுமாக என் வீட்டுக்காரரின் அக்கா வாசலில் வந்து நின்றார். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஆலங்காயத்துக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் ஷீட் போட்ட சமையல்கட்டு. நாங்கள் மூன்று பேர் படுத்தாலே கால் சுவரில் முட்டும்.

"ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேம்மா" என்றார் அண்ணி. கன்னம் வீங்கியிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் அவர் வீட்டுக்காரர் குடித்துவிட்டால் கை நீட்டுகிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? கல்யாணம், காதுகுத்து என்று பார்க்கும்போதெல்லாம் "வாங்க வாங்க" என்று அந்த மனுஷனுக்கு இலை போட்டு முதலில் உட்கார வைத்தவர்கள்தானே நாங்களும்.

ரெண்டு நாள் என்றது தீபாவளி வரை வந்தது. எங்கள் பக்கம் பட்டாசைவிட கேதார கௌரி நோன்புதான் பெரிசு. நோன்புக்கு அதிரசம் சுட வேண்டும். நான் சுட்டால் ஒன்று கல்லாகும், இல்லையென்றால் எண்ணெயில் பிரிந்து காணாமலே போகும். இந்த முறை பாகு அண்ணியின் கைக்குப் போனது. நான் மாவு தட்டிக் கொடுக்க, அவர் சுட்டு எடுத்தார். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று வந்தது. படையலுக்கு முன்னால் தொடக் கூடாது என்று என் மகளை மிரட்டிவிட்டு, உடைந்துபோனது கணக்கில் வராது என்று நாங்களே ஒன்றை உடைத்துத் தின்றோம். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்தச் சமையல்கட்டில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றைக்கே வயிற்றெரிச்சலும் வந்தது. எல்லோரும் நோன்புக் கயிறு கட்டிக்கொண்டோம். அண்ணி இன்னொரு கயிறை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து பைக்குள் வைத்தார்.

"அது யாருக்கு அண்ணி?"

"அவருக்குத்தான்."

"அடிக்கிற கைக்குக் கயிறு ஒரு கேடா?"

"அவரு நல்லா இருக்கணும்னுதானே நோம்பே எடுக்கறது" என்றார். கோபம் இல்லை, வருத்தம் இல்லை, கறிவேப்பிலை விலை சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க ஆறவில்லை.

கார்த்திகைக்கு மாவளி செய்து கொடுத்தார். பனம்பூக் கரியைப் பொடித்து, துணியில் சுருட்டி, மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிற்றைப் பிடித்துச் சுழற்றினால் சுற்றிலும் நெருப்புப்பொரி கொட்டும். பிள்ளைகள் இரண்டும் கத்திய கத்தில் தெருவே கூடிவிட்டது. அண்ணியே முந்தானையைச் செருகிக்கொண்டு சுழற்றினார். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பொம்பளை இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். இடம் கிடக்கிறது கழுதை, முட்டினால் முட்டட்டும்.

மார்கழிப் பனியில் காலை வெயில் ஏறும் வரை மலை கண்ணில் படாது. அரையாண்டு லீவு விட்டிருந்தார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் கிடக்க, நாங்கள் இருவரும் ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிதுக்கம்பருப்புக் குழம்பு தின்ன அரை நாழிகை, உரிக்கப் பாதி நாள். அதனாலேயே பேச்சு வளரும். மலையிலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டால் மட்டும் அண்ணியின் கை நின்றுவிடும்.

அப்படி ஒரு காலையில்தான் போன் வந்தது. குடிக்காத குரல். "பொங்கலுக்கு வந்துடு" என்று அவர் வீட்டுக்காரர் சொன்னது எனக்கே கேட்டது. அண்ணி போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பருப்பைப் பிதுக்கினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"நான் இங்கியே இருந்துக்கட்டுமாம்மா? பால் சொசைட்டில வேலை இருக்குதாம். ஒனக்குக் கஷ்டம்னா சொல்லிடு."

"இது இன்னா கேள்வி அண்ணி" என்றேன். "இருங்க" என்று ஒரு வார்த்தையைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே புரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. வருஷா வருஷம் போகிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்குவார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்றை வண்டியில் கட்டிக்கொண்டு மலையேறி அக்கா வீட்டில் வைத்துவிட்டு வருவார். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது மனுஷனுக்கு. இந்த வருஷமும் இரண்டிரண்டாக வாங்கிவிட்டார்.

நான் அப்போது ரேஷன் கடையில் பொங்கல் பரிசுக்கு வரிசையில் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது திண்ணையளவு இடம்கூட இல்லாத எங்கள் கூடம் வெறிச்சென்று கிடந்தது. துணிப்பை இல்லை.

"அக்கா கெளம்பிட்டாங்க. நான்தான் பஸ் ஏத்திவுட்டேன்" என்றார் இவர்.

"எதுக்குக் கெளம்புனாங்க?"

"தெரியல. ரெண்டாவது பானையப் பாத்தாங்க. சீரு வந்துடுச்சா, நானே எடுத்துனு போய்டறேன், நீ எதுக்குடா அலையறன்னாங்க."

அந்த மக்கு மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? சீர் என்பது புருஷன் வீட்டில் இருக்கிற பெண்ணுக்குப் போவது. சொந்தத் தம்பி சீர் வாங்கிவந்து முன்னால் வைத்தால், உன் வீடு மேலே இருக்கிறது, கிளம்பு என்றுதானே அர்த்தம்?

சாயங்காலம்தான் அண்ணி போன் எடுத்தார்.

"அண்ணி, அது தெரியாம வாங்கிட்டாரு. பழக்க தோஷம்."

"பரவால்லம்மா. நீயும் எவ்ளோ நாள்தான் பாப்ப" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொல்லித்தான் வாங்கினார் என்று நினைத்துவிட்டார். மொச்சை உரித்தபோது கேட்ட கேள்விக்கு நான் பானையால் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். விளக்குவதற்குள் வைத்துவிட்டார்.

பொங்கல் அன்று எங்கள் பானை பொங்கியது. படையல் போட்டு, இலை போட்டு இவரை உட்கார வைத்துவிட்டு நான் போன் செய்தேன். அன்றைக்கு யார் யாரிடம் பேசினாலும் கேட்கிற முதல் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

"அண்ணி, பால் பொங்கிச்சா?"

"பொங்கிச்சிம்மா. நல்லா பொங்கிச்சி."

பக்கத்திலிருந்து குழந்தையின் குரல் கேட்டது. "பானதான் ஒடஞ்சி போச்சே ம்மா. அப்பா ஒடச்சிட்டாருல்ல."

உடனே போன் நின்றுவிட்டது.

இவர் பொங்கலில் கை வைத்திருந்தார். நான் இலையை மடித்தேன்.

"எழுந்திருங்க. போயி ரெண்டு பேரையும் இட்டுனு வாங்க."

"பொங்கலும் அதுவுமா போயி இன்னான்னு சொல்றது?" என்றார்.

"சீரு வூடு மாறி வந்துடுச்சி, எடுத்துனு போக வந்தேன்னு சொல்லுங்க" என்றேன்.